வளையாத இடம்

வில்லின் கீழ்க்கையில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு இடம் மட்டும் கூடுதலாக மடங்கியது. வில்லைச் சுவர்ச்சட்டத்தில் உட்காரவைத்து, கப்பி வழியாக வரும் கயிற்றைப் பிடித்தபடி ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இடமெல்லாம் சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல வளைந்தது. அந்த இடம் மட்டும் முழங்கையை மடக்குவதுபோல் மடங்கியது. கயிற்றை உடனே தளர்த்தினேன். பக்கத்தில் போய் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். இங்கே தொடாதே என்று அதற்கு அர்த்தம்.

இந்தக் குறியைப் போடக் கற்றுக்கொள்வதற்குள் என்னிடம் மூன்று வில்கள் உடைந்துவிட்டன.

ஒற்றை மரத்துண்டிலிருந்து வில் செய்பவர்கள் இந்தக் கட்டத்தை டில்லரிங் என்பார்கள். நான் எனக்குள் ‘வளைவு பார்ப்பது’ என்றுதான் சொல்லிக்கொள்வேன். முக்கால்வாசி வேலை பார்ப்பதுதான். மீதி கால்வாசிதான் சுரண்டுவது. மற்ற பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நாம் பற்றுகிற இடம் பிடி. அதற்கு மேலும் கீழும் நீள்பவை வில்லின் கைகள்: மேல்கை, கீழ்க்கை. நாண் மாட்டுகிற நுனி வெட்டு குதை. எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. வளைவுக்காக மரத்தைக் குறைப்பதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான். முதுகில் கத்தி படக் கூடாது.

ஏன் படக் கூடாது என்றால், முதுகில் ஒரே ஆண்டு வளையம் குதை முதல் குதை வரை அறுபடாமல் ஓட வேண்டும். அந்த நார்கள் நடுவில் எங்காவது வெட்டுப்பட்டிருந்தால், இழுபடும்போது அங்கேதான் முதல் சிம்பு கிளம்பும். நான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கும் வில் ஆஷ் மரம். அதில் பட்டையைப் பக்குவமாக உரித்ததும் தெரிகிற வெளி வளையத்தையே முதுகாக வைத்துக்கொள்ளலாம். பாதி வேலையை மரமே செய்து வைத்திருக்கிறது. ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வழக்கமாக வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளி மரம், முழுவதையும் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த மரத்தில் ஒரே ஒரு வளையத்தைப் பிடித்து, அதன் மேடு பள்ளம் எல்லாவற்றோடும் கூடவே போக வேண்டும். யூ மரம் இன்னொரு வகை. அதன் வெளிறு இழுபடுவதைத் தாங்கும், வைரம் நசுங்குவதைத் தாங்கும். 1545-ல் மூழ்கி, 1982-ல் கடலிலிருந்து மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர நெடுவில்கள் கிடைத்தன. ஒரே மரத்தில் இரண்டு குணம் சேர்ந்திருப்பதைத்தான் அந்தக் கைவினைஞர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சரி, வளைவுக்கு வருவோம்.

மரத்தை எடுக்கத்தான் முடியும், திரும்ப வைக்க முடியாது. எல்லா மர வேலையிலும் இதே கதைதானே என்று தோன்றும். ஆனால் ஒரு நாற்காலிக் காலில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இழைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வில்லில் தெரியும். வளைகிற ஒரு பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். தடிமனுக்கோ மும்மடிப் பெருக்கத்தில் மாறும். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகக் குறையாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கையை 11 ஆக்கினால் அந்த இடத்தின் விறைப்பில் 23 சதவீதம் போய்விடும். சுரண்டுத் தகட்டால் ஒரே இடத்தில் நாலைந்து முறை இழுத்து, மொத்தம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால்கூட இரண்டரை சதவீதம். கண்ணுக்கே தெரியாத ஒரு கழிவு அது. அதே கையில் அகலத்தை 38-லிருந்து 35 மில்லிமீட்டராகக் குறைத்தால் போவது எட்டு சதவீதம் மட்டும்தான்.

இந்தக் கணக்கைப் படித்துத் தெரிந்துகொண்டபோது தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். மூன்றாவது வில் உடைந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அந்த வில்லிலும் இதேபோல் ஒரு இடம் மடங்கியது. மேல்கையில், பாதி தூரத்தில். எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே, ‘இன்னும் இரண்டு அங்குலம் இழுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியுமே’ என்று கயிற்றை இழுத்தேன். முதலில் ‘டிக்’ என்று நகம் சுண்டுவதுபோல் ஒரு சத்தம். அது எங்கிருந்து வந்தது என்று நான் தலையைத் திருப்புவதற்குள் மேல்கை இரண்டாகி, ஒரு துண்டு சுவரில் மோதிக் கீழே விழுந்தது. கப்பி இருந்ததால் நான் தள்ளி நின்றிருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெகு நேரம் அப்படியே நின்றேன். அப்புறம் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்து, வெர்னியரால் தடிமனை ஒவ்வொரு அங்குலமாக அளந்தேன். உடைந்த இடத்தில் 11 மில்லிமீட்டர். அதற்கு இரு பக்கமும் 12.5. அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றரை மில்லிமீட்டர். மும்மடிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. வில்லை நான் இழுத்த ஒவ்வொரு தடவையும் அந்த இடம் தன் பங்கு வளைவோடு பக்கத்தில் இருந்தவற்றின் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. அந்த இடத்தில் அரம் இழுத்த கீறல்கள் அசிங்கமாக இருந்தன. வளைவு சரியாவதற்கு முன்பே அவற்றை மழுக்கி அழகாக்கியிருக்கிறேன். அப்புறம் அந்த இடம் கொஞ்சம் கூடுதலாக வளைவதைப் பார்த்து, ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று அங்கேயே மறுபடி தகட்டை வைத்திருக்கிறேன். கண் எங்கே போகிறதோ அங்கேயே கருவியும் போய்விடும். கோளாறு தெரிகிற இடத்தில் வேலை செய்வதுதானே எல்லாத் தொழிலிலும் வழக்கம்? இதில் நேர் எதிர். கோளாறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தை விட்டுவிட வேண்டும். வேலை இருப்பது அதற்கு இரு பக்கமும், ஒன்றும் நடக்காததுபோல் நேராக நின்றுகொண்டிருக்கும் மரத்தில். வளைகிற இடத்தைப் பார்ப்பது சுலபம், கண் தானாகப் போய்விடும். வளையாத இடத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு எனக்கு உதவியது ஒரு சின்னக் கட்டை. உள்ளங்கை நீளத்துக்குத் தட்டையான ஒரு மரத்துண்டு, நடுவில் ஒரு துளை, துளைக்குள் ஒரு பென்சில் முனை. வில்லை நாணேற்றி வைத்துவிட்டு அதன் வயிற்றின் மேல் இந்தக் கட்டையை ஓட்ட வேண்டும். வளைந்த வில்லின் வயிறு உட்குழிவாக இருக்கும். கட்டையின் இரு முனையும் மரத்தில் தொட, நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். நன்றாக வளைகிற இடத்தில் பென்சில் மரத்தைத் தொடாத அளவுக்கு அதன் முனையை அமைத்துக்கொள்கிறோம். வளைவு குறைந்த, தட்டையான இடங்களில் இடைவெளி சுருங்கும், பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் சுரண்டு, விழாத இடத்தை விடு. முதல் தடவை இதை ஓட்டியபோது, நான் பிரமாதமாக இருக்கிறது என்று நினைத்திருந்த ஒரு கையில் ஏறக்குறைய பாதி தூரத்துக்குக் கோடு விழுந்தது. என் கண் அதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை!

ஆனால் கட்டையையும் முழுசாக நம்பக் கூடாது. பிளந்தெடுத்த மரம் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் இருக்காது. வளரும்போதே ஒரு இடத்தில் உள்வாங்கியிருக்கும், ஒரு இடத்தில் புடைத்திருக்கும். பிறவியிலேயே உள்வாங்கிய இடம், வில்லை வளைக்கும்போது கூடுதலாக மடங்குவதுபோலத் தோன்றும். உண்மையில் அது மற்ற இடங்கள் அளவுக்குத்தான் வளைந்திருக்கும். புடைத்த இடமோ வளைந்தும்கூட நேராகவே தெரியும். அதனால் நாண் இல்லாதபோது ஒரு படம், இழுத்தபோது ஒரு படம் என்று இரண்டு எடுத்து வைத்துக்கொள்கிறேன். பார்க்க வேண்டியது கடைசி வடிவத்தை இல்லை. அந்த வடிவத்துக்கு வர ஒவ்வொரு இடமும் எவ்வளவு நகர்ந்தது என்பதை. படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்ப்பேன். வில்லையே சட்டத்தில் இடம் வலமாக மாற்றி வைத்தும் பார்ப்பேன். ஒரே பக்கமாகப் பார்த்துப் பார்த்துக் கண் சில குறைகளோடு சமாதானம் ஆகிவிடுகிறது. திருப்பி வைத்த முதல் இரண்டு நொடியில் தெரிவதுதான் நிஜம்.

‘சீராக வளைய வேண்டும்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சீர் என்றால் என்ன? நான் ரொம்ப நாள் வட்டத்தின் ஒரு பகுதியைப்போல் வளைந்தால் அதுதான் சீர் என்று நினைத்திருந்தேன். அது எல்லா வில்லுக்கும் பொருந்தாது என்று புரிந்தபோதுதான் இந்த வேலை எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது.

இழைப்புளியிலிருந்து விழுகிற சீவலைப் பாருங்கள். விரலைச் சுற்றிச் சுருண்டு விழுகிறது, உடைவதில்லை. அதே மரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு குச்சி எடுத்து அப்படிச் சுருட்ட முடியுமா? ஒரு பட்டை எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு கூடுதலாக அதை வளைக்கலாம்; மேல்தோல் நார்கள் படுகிற பாடு அதே அளவுதான் இருக்கும். அப்படியென்றால், கை முழுவதும் ஒரே தடிமனாக இருந்தால்தான் எல்லா இடமும் ஒரே அளவு வளையலாம்.

இன்னொரு விஷயமும் இதில் சேர்கிறது. நாண் இழுக்கும்போது கையை வளைக்கிற விசை எல்லா இடத்திலும் ஒன்றில்லை. நாண் செல்லும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுமை. பிடிக்குப் பக்கத்தில் மிக அதிகம். நுனிக்குப் போகப் போகக் குறைந்து, குதையில் சுழி.

இரண்டையும் சேர்த்து யோசித்தால் படம் தெளிவாகிவிடும். பிடிப் பக்கத்தில் அகலமாகத் தொடங்கி, நுனி வரை நேர்க்கோட்டில் ஒடுங்கிக்கொண்டே போகிற கையில், சுமை குறையக் குறைய அகலமும் குறைகிறது. தடிமன் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கலாம். அந்த வில் வட்டத்தின் பகுதியாக வளைந்தால் அதுதான் சரி. ஆனால் முக்கால் தூரம் வரை ஒரே அகலமாகப் போகிற கையில், சுமைக்குத் தக்கபடி தடிமனைத்தான் குறைத்துக்கொண்டே போக வேண்டும். நுனிப் பக்கம் மெலிவதால் அங்கே கூடுதலாக வளையலாம், வளையவும் வேண்டும். பிடிப் பக்கம் தடித்திருப்பதால் அங்கே குறைவாக வளைய வேண்டும். இந்த வில்லை வட்டமாக வளைய வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பிடிப் பக்கத்து மரம் தன் சக்திக்கு மேல் உழைத்துக்கொண்டிருக்கும், நுனிப் பக்கத்து மரம் சும்மா இருக்கும். கொஞ்ச நாளில் பிடிப் பக்கத்து வயிற்றில் குறுக்கே மயிரிழைபோல் நசுங்கல் கோடுகள் தெரியத் தொடங்கிவிடும்.

ஆகக் கூடி, சீர் என்பது வளைவில் இல்லை. மரம் படுகிற பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு அங்குலமும் தன்னால் முடிந்த அளவு தாங்க வேண்டும், எதுவும் அடுத்ததன் பங்கையும் சேர்த்துச் சுமக்கக் கூடாது. வெளியே தெரிகிற வடிவம் அகலத்தைப் பொறுத்து மாறும். டென்மார்க்கின் ஹோல்மகார்டு சதுப்பில் 1944-ல் கிடைத்த எல்ம் மர வில்லுக்கு ஏறக்குறைய 9,000 வயது. அதன் கைகளும் அகலமாகத் தொடங்கி நுனியை நோக்கி ஒடுங்குகின்றன. மும்மடி விதியை எழுதி வைக்க யாரும் இல்லாத காலம். யாரோ ஒருவர் கல் கருவியை வைத்துக்கொண்டு, வளைத்துப் பார்த்து வளைத்துப் பார்த்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். அந்த வில்லின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளோடு பேச வேண்டும்போல் இருக்கும்.

வேலை தொடங்குவது சட்டத்தில் இல்லை, தரையில். முரட்டு வடிவம் வந்ததும் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை ஒரு கையால் பற்றி, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்து அழுத்துவேன். முதலில் ஒன்றுமே அசையாது. அரத்தால் இழைத்து, மறுபடி அழுத்தி, மறுபடி இழைத்து... ஒரு கட்டத்தில் மரம் ‘சரி’ என்று சொல்வதுபோல் ஒரு அசைவு தெரியும். தமிழில் வளைவதற்கும் கும்பிடுவதற்கும் ‘வணங்குதல்’ என்று ஒரே சொல் இருப்பது ஏன் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றும். இரண்டு கையும் தரையில் ஒரே மாதிரி வணங்கும் வரை நாண் பக்கமே போக மாட்டேன்.

அப்புறம்தான் சட்டம். தளர்வான நீண்ட நாணை மாட்டி, கப்பிக் கயிற்றின் நுனியில் ஒரு தராசைக் கட்டிக்கொள்வேன். இந்தக் கட்டத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு: முழுசாக இழுக்க வில் கடைசியில் எத்தனை பவுண்டு விசை கேட்க வேண்டுமோ அதற்கு மேல் எந்த நேரத்திலும் இழுக்கக் கூடாது. 45 பவுண்டு வில் வேண்டும் என்றால் தராசு 45 காட்டியதும் நிறுத்திவிட வேண்டும், நாண் எட்டு அங்குலம்தான் வந்திருந்தாலும் சரி. அங்கே நிறுத்தி, வளையாத இடத்தைத் தேடி, சுரண்டி, மறுபடி 45. இப்போது ஒன்பது அங்குலம். அப்படியே 28 வரை. கைகள் சீராக வளையாமல் இருந்தால் அந்தக் குறை தெரிந்த இடத்தைத் தாண்டி ஒரு அங்குலம்கூடப் போகக் கூடாது. சரி செய்துவிட்டுத்தான் மேலே. என் மூன்றாவது வில்லில் நான் மீறியது இதைத்தான்.

சுரண்டியதும் உடனே பார்த்துவிடவும் கூடாது. எடுத்த மரத்தின் விளைவு வில்லுக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் ஆகும். இருபது சுரண்டல் என்றால், அதற்கு அப்புறம் அதே தூரத்துக்கு முப்பது தடவை மெல்ல இழுத்து விடுவேன். பிறகுதான் பார்ப்பது. அவசரப்பட்டு, ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று இன்னும் இருபது சுரண்டிவிட்டு, கடைசியில் இரண்டும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன்.

சட்டத்தில் பார்க்கிற வேலை ஒரு பக்கம் என்றால், விரல் செய்கிற வேலை இன்னொரு பக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே வில்லை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கட்டைவிரல் வயிற்றிலும் மற்ற விரல்கள் முதுகிலுமாகப் பிடித்துப் பிடியிலிருந்து நுனி வரை மெதுவாக ஓட்டுவேன். தடிமன் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். எங்காவது குறைந்து மறுபடி கூடினால் விரல் ஒரு கணம் தயங்கும். கால் மில்லிமீட்டர் பள்ளத்தைக்கூட விரல் சொல்லிவிடும், கண் சொல்லாது. முடிச்சு இருக்கிற இடம் மட்டும் விதிவிலக்கு. முடிச்சைச் சுற்றி நார் விலகி ஓடுவதால் அங்கே கொஞ்சம் கூடுதல் மரம் விட்டு வைக்க வேண்டும். விரல் அங்கே ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் சரிதான்.

அந்தப் பெருக்கல் குறிக்கு வருகிறேன். கீழ்க்கையில் ஒரு சாண் தூரத்தில் மடங்கிய அந்த ஆஷ் வில் அப்போது சட்டத்தில் 19 அங்குலத்தில் இருந்தது, தராசில் 44 பவுண்டு. குறிக்கு இரு பக்கமும் நாலு விரற்கடை விட்டுக் கோடு போட்டேன். அந்த எல்லைக்குள் எதுவும் நடக்காது. எல்லைக்கு வெளியே, நுனி வரைக்கும், தகட்டால் நீளமாகச் சுரண்டினேன். பிடிக்கும் குறிக்கும் நடுவிலும் கொஞ்சம். நன்றாகத் தீட்டிய தகடு தூள் தராது, சுருள் தரும். ஆஷ் மரத்துச் சுருள் கோழி இறகின் அடித்தூவிபோல் லேசாக இருக்கும், மூச்சுவிட்டால் பறந்துவிடும். அன்று சாயங்காலம் முழுக்க இருபது சுரண்டல், முப்பது இழுப்பு, ஒரு பார்வை. ஐந்தாவது சுற்றில் கீழ்க்கையின் வெளிப்பாதி அசையத் தொடங்கியது. எட்டாவது சுற்றில் மடங்கல் எங்கே இருந்தது என்று குறியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நான் ஒரு துகள்கூடத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவை தங்கள் பங்கை எடுத்துக்கொண்டதும் அதன் சுமை தானாக இறங்கிவிட்டது.

ஆனால் இப்போது கீழ்க்கை மேல்கையைவிட இளகிவிட்டது. அதனால் மேல்கையிலும் அதே அளவு இறங்க வேண்டியிருந்தது. இப்படித்தான் பவுண்டு கரைகிறது. 45 என்று தொடங்கிய வில் 28 அங்குலத்தில் 38 பவுண்டில் வந்து நின்றது. வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் சரியாக வளைகிற 38 பவுண்டு வில், எங்கோ ஒரு இடத்தில் மடங்குகிற 45 பவுண்டு வில்லைவிடப் பல மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போதெல்லாம் தொடக்கத்தில் ஐந்தாறு பவுண்டு கூடுதலாக வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கையும் கறாராக ஒரே அளவு இருக்க வேண்டியதும் இல்லை. அம்பு பிடிக்கு மேலே செல்கிறது, வில்லைப் பற்றிய கையின் அழுத்தம் அதற்குக் கீழே விழுகிறது. கீழ்க்கைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. அதனால் கீழ்க்கையைச் சற்று விறைப்பாக விடுவார்கள்: நாணேற்றிய வில்லில் பிடிக்குப் பக்கத்தில் நாணுக்கும் கைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் மேல்கையில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். ஜப்பானிய யூமி வில்லில் பிடி அடியிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே இருக்கிறது. அவ்வளவு நீளம் வேறுபட்ட இரண்டு கைகளைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும்.

கூன் விழுவதைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நாணைக் கழற்றிய பிறகும் வில்லில் கொஞ்சம் வளைவு தங்கிவிடுவதைத்தான் கூன் என்கிறேன். வயிற்றுப் பக்க நார்கள் நசுங்கி, பழைய நீளத்துக்குத் திரும்ப மறுத்ததன் அடையாளம் அது. மரத்தில் ஈரம் கூடுதலாக இருந்தால் கூன் சீக்கிரம் விழும். எடையில் எட்டிலிருந்து பத்து சதவீத ஈரம் என்றால் நல்லது. அதைவிட ரொம்பக் காய்ந்துவிட்டால் மரம் நொறுங்கும். வளைவு பார்க்கிற நாட்களில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாணைக் கழற்றி, வில்லைத் தட்டையான மேசையில் வைத்து, கூன் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். கை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தால் கவலை இல்லை. ஒரே இடத்தில் விழுந்தால், இழுக்கும்போது கண்ணில் படாத மடங்கல் அங்கே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தைவிட மேசைதான் எனக்குப் பல தடவை முதலில் சொல்லியிருக்கிறது.

1991-ல் ஆல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து கண்டெடுக்கப்பட்ட ஓட்ஸி, ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரோடு யூ மரத்தில் ஆளைவிட உயரமான ஒரு வில்லும் இருந்தது. நீளம் 1.82 மீட்டர். அது முடியாத வில். குதை வெட்டவில்லை, மேற்பரப்பில் கருவி பட்ட தடங்கள் அப்படியே இருக்கின்றன. அவருடைய அம்பறாத்தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டுதான் முடிந்தவை. மலையேறிக்கொண்டே, தங்கின இடத்தில் உட்கார்ந்து அவர் அதைச் செதுக்கியிருப்பாரோ? அந்தத் தடங்களின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அவர் அடுத்து எங்கே கை வைத்திருப்பார் என்றுதான் மனசு போகும். அந்த மரம் இன்னும் தடிமனாக இருக்கிறது. எங்கே வளைகிறது, எங்கே வளையவில்லை என்று பார்க்கிற கட்டத்துக்கு அவர் வரவே இல்லை.

என் ஆஷ் வில்லை 27 அங்குலத்தோடு சட்டத்திலிருந்து இறக்கிவிட்டேன். கடைசி அங்குலத்தை எய்து எய்துதான் எடுக்க வேண்டும். ஓரங்களை உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசுவதற்கு முன்னால் நூறு அம்பு எய்தேன். முதல் பத்து அம்பு பயத்தோடு. அப்புறம் பயம் போய்விட்டது. நாண் விடுபட்ட பிறகு பிடியில் அதிர்வே இல்லை என்பதை உள்ளங்கை கவனிக்கத் தொடங்கியது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வீடு திரும்பினால்தான் அப்படி இருக்கும்.

நூறு அம்புக்குப் பின் மறுபடி அளந்தேன். தொடக்கத்தில் மேல்கையில் 4 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது; இப்போது 8. மேல்கை இன்னும் கொஞ்சம் இளகியிருக்கிறது, கீழ்க்கை அதை எட்டிப் பிடிக்க வேண்டும். கீழ்க்கையில் லேசாகச் சுரண்டினால் போதும். தகட்டை எடுத்துத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெருக்கல் குறி உப்புத்தாளில் எப்போதோ அழிந்துபோயிருந்தது. கண்ணை மூடி, கட்டைவிரலைப் பிடியிலிருந்து நகர்த்தினேன். ஒரு சாண் தூரத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது. பென்சிலை எடுத்து அங்கே மறுபடி குறி போட்டேன். நாலு விரற்கடை தள்ளி, நுனியைப் பார்த்து, பத்து சுரண்டல்.